தானாக மூடும் கோழிக்கூட்டுக் கதவு: பதினோரு மாத அனுபவம்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கூட்டின் சின்ன வாசலில் பொருத்தும், மின்கலத்தில் ஓடும் கதவு. ஓர் அடி உயரம், ஓர் அடி அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு, மேலே ஒரு மோட்டார்ப் பெட்டி, தகடு ஏறி இறங்க இரு பக்கமும் காடி. காலையில் தானாக ஏறும், இரவில் தானாக இறங்கும். 2024 நவம்பர் 11 மலிவு விற்பனையில், இணையக் கடை ஒன்றில் 168 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இதே தகடும் இதே மோட்டாரும் பத்துப் பெயர்களில் விற்பனைக்குக் கிடக்கின்றன. அதனால் என் பெட்டியில் எந்தப் பெயர் இருந்தது என்பது முக்கியமில்லை.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கத்துச் சிம்பாங் அம்பாட். வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வேலை வாரத்தில் தொழிற்சாலை பஸ் மாலை 5.40க்கே எங்கள் தாமான் (குடியிருப்பு) முனைக்கு வந்துவிடும். இரண்டாம் பாலத்தில் பஸ் ஏறும்போது தீவின் மலைகளுக்கு மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும். என் கோழிகள் அப்போது வாழை மரத்தடியைக் கிளறிக்கொண்டிருக்கும். அவை அடைய இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கணவர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மீதி இருப்பது அத்தை. வயது 74. கண்புரை எடுத்த கண், வீங்கிய முழங்கால்.

அத்தை பிறந்ததிலிருந்து கோழியோடு வாழ்ந்தவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்து வீட்டின் பின்புறம் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழி அடைத்தவர். மாலை ஆனதும் பின்வாசலில் நின்று ‘பா... பா... பா...’ என்று கூப்பிட்டு, ஒரு பிடி குறுணையை வீசி, கூட்டுக்குள் ஏறும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எண்ணுவார். ஏழு என்று சொன்னால் அவருக்குப் போதாது. “ஏழில் ஒன்று பக்கத்து வீட்டுக் கோழியாக இருந்தால்?” என்பார். 2024 அக்டோபரில், மழை பெய்து பாசி பிடித்திருந்த சிமெண்டுப் படியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் படுக்கை. கதவு வாங்கியதற்கு அந்தப் படிதான் காரணம்.

கதவுக்கு உள்ளே போகிறவர்களைத் தெரியாமல் கதவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சேவல் ஒன்றுதான். பெயர் டத்தோ, இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம். கிளந்தானில் உருவான செராமா இனம். உலகத்திலேயே மிகச் சிறிய கோழி இனம் அதுதான். எங்கள் டத்தோ அரைக்கிலோகூட இல்லை. ஆனால் நெஞ்சை வானத்துக்குத் தூக்கி, வாலை நட்டுக்குத்தலாக நிறுத்தி நடப்பதைப் பார்த்தால், பட்டம் வாங்கிய மறுநாள் கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மனிதரை எல்லோருக்கும் நினைவு வரும். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளரை அப்படித்தான் சொல்வார்கள்) கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வயது ஆறு. முட்டை போடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள். மேற்பார்வை மட்டும் நிற்கவில்லை. இரையில் யார் முதலில், இரவில் அடையும் கழியில் யார் மேலே என்பதெல்லாம் அவள் முடிவு. கறுப்பாயி அவளுக்கு அடுத்தவள். நிறத்தால் பெயர், குணத்தால் திருடி. பட்டு, சில்க்கி இனம்: வெள்ளை மயிர் போன்ற இறகு, கருந்தோல், மற்ற கோழிகளுக்கு நான்கு விரல் என்றால் இவளுக்கு ஐந்து. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி பட்டுவைப் பார்க்கும்போதெல்லாம் சூப்புப் பானையை நினைக்கிறார். அதை மறைக்கவும் மாட்டார். குண்டுமணி மண்டோரின் மகள். ஆனால் 21 நாள் அடைகாத்துப் பொரித்தவள் பட்டு.

கடைசியாக மைலோ, கோப்பி. இருவரும் முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட பழுப்புக் கோழிகள். கம்பிக் கூண்டிலேயே வாழ்ந்தவர்கள். வந்த முதல் வாரம் மண்ணைக் கண்டு பயந்தார்கள். கழி எதற்கு என்று தெரியாமல் தரையில் குந்தித் தூங்கினார்கள். மைலோ பிறகு கற்றுக்கொண்டாள். கோப்பி கடைசி வரை கற்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், வைக்கோல்மேல்தான் படுப்பாள். எல்லோரும் அடைந்த பிறகு கடைசியாக உள்ளே வருகிறவளும் அவள்தான்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

பொருத்துவதற்கு எளிது என்று படத்தில் இருந்தது. நான்கு திருகாணி. ஆனால் எங்கள் கூடு கணவர் பழைய பலகையும் தகரமும் வைத்து அடித்தது; அதில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. பலகை கொஞ்சம் வளைந்திருந்தால்கூடக் காடி சாய்ந்து தகடு பாதியில் நின்றுவிடுகிறது. மழையில் மரம் உப்பும்போது இன்னும் மோசம். அக்காள் மகன் வந்து, முதலில் ஒரு தடித்த ஒட்டுப்பலகையில் கதவைப் பொருத்தி, பிறகு அந்தப் பலகையைக் கூட்டில் அடித்தான். அதற்குப் பிறகு சிக்கவில்லை. காடியில் மரத்தூளும் எச்சமும் சேரும். வாரம் ஒருமுறை பழைய பல் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். கொடுத்த திருகாணிகள் இரண்டு மாதத்தில் துருப்பிடித்தன. எவர்சில்வர் திருகாணி வாங்கி மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை.

கதவை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று வெளிச்சத்தை வைத்து: விடிந்தால் திறக்கும், இருட்டினால் மூடும். இன்னொன்று மணியை வைத்து. விற்பவர்கள் வெளிச்ச முறையைத்தான் பெரிதாகப் போற்றுகிறார்கள். அது நான்கு பருவம் உள்ள ஊர்க்காரனுக்குச் சரி. அங்கே கோடையில் இரவு பத்து மணிக்கு இருட்டும், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டும். கதவு சூரியனைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பினாங்கில் சூரியன் அப்படி அலைவதில்லை. நவம்பர் நடுவில் ஏழு மணி சுமாருக்கு மறையும், ஜூலையில் 7.40 சுமாருக்கு. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் முக்கால் மணிக்கும் குறைவு. ஆனால் எங்கள் ஊர் வானம் மாலை நான்கு மணிக்கே இரவாகிவிடும் வல்லமை உடையது.

அதைத்தான் கதவு கற்றுக்கொடுத்தது. பொருத்திய முதல் வாரம், நவம்பர் கடைசி. மாலை 4.30க்குக் கருமேகம் திரண்டது. கதவு இருட்டிவிட்டது என்று நினைத்து இறங்கிவிட்டது. மண்டோரும் கறுப்பாயியும் மழை வாடை அடித்த உடனே உள்ளே ஓடியிருந்தார்கள். டத்தோ எங்கே பெண்கள் உண்டோ அங்கே. பட்டு மட்டும் கண்மேல் விழும் கொண்டையோடு மெதுவாக வந்து சேர்வதற்குள் வாசல் இல்லை. சில்க்கியின் இறகில் தண்ணீர் வழிந்து ஓடாது, பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். அவளால் பறக்கவும் முடியாது. அன்று பகல் வேலை முடிந்து எட்டு மணிக்கு நான் வீடு வந்தபோது, அத்தை பட்டுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முடியுலர்த்தியைக் கையில் பிடித்திருந்தார். எந்தப் படியில் இறங்கக்கூடாது என்று கதவு வாங்கினேனோ அந்தப் படியில் இறங்கி, அந்த மழையில் போய் எடுத்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, “உன் கதவுக்கு மேகமும் இருட்டும் ஒன்றுதானா?” என்றார்.

அன்றே மணி முறைக்கு மாற்றினேன். இந்த நாட்டில் இந்தக் கதவை வாங்குகிறவர்கள் வெளிச்ச முறையை மறந்துவிடுங்கள். காலை 7.30 திறப்பு, மாலை 7.50 மூடல், ஆண்டு முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் தானாக அடைந்துவிடும். அத்தைக்கு மட்டும் 7.50 என்பது தாமதமாகத் தோன்றியது. “தோட்டத்தில் ஏழு மணிக்கெல்லாம் அடைத்துவிடுவோம்” என்றார். அது பழைய மணி. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். கோழிகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அடுத்த பயம் நசுங்குவது. தகடு இறங்கும்போது ஏதாவது தட்டினால் திரும்ப ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். மண்டோர் கனத்துக்கு நம்பலாம், டத்தோவின் கனத்துக்கு? வாழைப்பழம் ஒன்றை வாசலில் வைத்துப் பார்த்தேன். தோலில் ஒரு கோடு விழுந்தது, கதவு திரும்பியது. பிறகு துணிந்து குண்டுமணியின் முட்டையை நிறுத்தி வைத்தேன். தகடு வந்து தொட்டது, நின்றது, ஏறியது. ஓடு கீறவில்லை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. இந்த ஒரு விஷயத்தில் செய்தவனைப் பாராட்டுகிறேன். மோட்டார்ச் சத்தமும் மிகக் குறைவு.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. டத்தோ 5.30க்குக் கூவத் தொடங்குவான். உடம்புக்குப் பொருந்தாத கீச்சுக் குரல். முன்பு அத்தை ஆறு மணிக்கே கூட்டைத் திறந்துவிட, அவன் வேலியில் ஏறி நின்று தாமானையே எழுப்புவான். இப்போது 7.30 வரை பலகைக்குள்ளே கூவுகிறான். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

தைப்பூசத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான்கு ஆண்டுகளாக அத்தை பினாங்கின் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் இரவு தங்க மறுத்துவந்தார். ரதம் பார்த்துவிட்டு, கோழி அடைக்க வேண்டும் என்று மாலைக்குள் திரும்பிவிடுவார். 2025இல் பிப்ரவரி 11 தைப்பூசம். அதற்கு முதல் நாள் போய், இரவு முழுவதும் தண்ணீர்ப்பந்தல்களுக்கு இடையே உட்கார்ந்து, காவடிகளைப் பார்த்து, மறுநாள் மதியம்தான் வீடு வந்தோம். கதவு மூடி, திறந்து, எல்லோரும் வெளியே மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஏழு பேரும். அத்தை சுற்றிச் சுற்றி வந்து பெயர் சொல்லி எண்ணினார். “பரவாயில்லை” என்றார். அவர் வாயில் அது ஐந்து நட்சத்திரம். அதற்குப் பிறகு மாலையில் அவர் பின்வாசலுக்குப் போவதை நானே நிறுத்திவைத்தேன். கதவு இருக்கிறதே, படுங்கள் என்று சொன்னேன்.

மின்கலம் ஓர் ஆண்டு உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஐந்தாம் மாதம், ஏப்ரலில், கதவு பாதி ஏறி நின்றது. மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, எறும்புப் புற்று, செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் யாரையும் விட்டதில்லை. ஆனால் வெளியில் மாட்டும் பொருளின் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம் வைக்க எவ்வளவு செலவாகும்? சுத்தம் செய்தேன், புது மின்கலம் நான்கு போட்டேன். அப்போது காலை ஒன்பது மணி. இரவு வேலை முடித்து வந்த கண். பொத்தானை அழுத்தினேன், கதவு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அன்று மாலையும் வழக்கம்போல 5.40 பஸ்.

மறுநாள் காலை 8.10க்கு வீடு வந்தேன். கதவு மூடியே இருந்தது. 7.30க்குத் திறந்திருக்க வேண்டுமே, புது மின்கலமும் போய்விட்டதோ என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன். டத்தோ வெளியே வந்தான், நெஞ்சு உள்ளே போயிருந்தது. மண்டோர், கறுப்பாயி, பட்டு, குண்டுமணி, மைலோ. வாசல் பக்கத்து வைக்கோலில் பழுப்பு இறகு ஒரு கூடை இருக்கும். மிச்சம் வாழை மரத்தின் பின்னால் கிடந்தது. மூசாங் என்று இங்கே சொல்லும் மரநாயின் வேலை. கழுத்துப் பக்கம் மட்டும் தின்றிருந்தது.

மூடிய கதவுக்குள் மரநாய் எப்படிப் போயிற்று? இரண்டு நாள் விளங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, வேலையில், இயந்திரத் திரையில் ஓடும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று விளங்கிவிட்டது. மின்கலம் எடுத்தால் கதவின் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் போய்விடுகிறது. நான் போட்டது காலை ஒன்பதுக்கு. அப்படியானால் அதன் மாலை 7.50 என்பது எங்கள் விடியற்காலை 4.50. இரவெல்லாம் வாசல் திறந்து கிடந்திருக்கிறது. மரநாய் வந்து, வேலையை முடித்துப் போன பிறகு, 4.50க்குக் கதவு கடமை தவறாமல் இறங்கி மூடியிருக்கிறது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கடிகாரத்தைச் சரிசெய்யவும் என்று எறும்பளவு எழுத்தில் ஒரு வரி உண்டு. நான் படிக்கவில்லை, என் பிழையை நான் எங்கும் மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: தன் நேரம் தொலைந்துவிட்டது என்று தெரிந்த கடிகாரம் கண் சிமிட்ட வேண்டாமா? எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை மின்சாரம் போய் வந்தால் சிமிட்டுகிறது. விற்றவருக்கு எழுதினேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒரு மனிதர், கதவு வேலை செய்யாததைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார். வேலை செய்ததுதான் பிரச்சினை என்று எழுதினேன். 15 ரிங்கிட் தள்ளுபடிச் சீட்டு வந்தது. அதை இன்னும் பயன்படுத்தவில்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று நான் தூங்கி எழுந்து வந்தபோது, சமையலறைக் கதவுக்கு உள்ளே, படிக்கு இந்தப் பக்கம், நாற்காலியை எடுத்துப் போட்டிருந்தார். மடியில் கைவிளக்கு.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் இவை. தகட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினேன். தகடு மேலே ஏறும்போது அது பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். நாற்காலியில் இருந்து விளக்கடித்துச் சிவப்பு தெரிந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். அலுமினிய நிறத்தில் விட்டிருந்தால் தூரத்திலிருந்து திறப்பும் மூடலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதை ஏன் தொழிற்சாலையிலேயே செய்வதில்லை என்று தெரியவில்லை. மின்கலப் பெட்டியின் விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி, உள்ளே மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று போட்டேன். ஆறு மாதமாக எறும்பு வரவில்லை. மின்கலத்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை, விடுமுறை நாளில் மட்டும் மாற்றுகிறேன். மைலோவும் மறுபடி கீழே படுத்துவிடாமல் இருக்க, முதல் கழியை அரை அடி உயரத்துக்கு இறக்கிவைத்தோம்.

இவ்வளவு செலவு செய்து முட்டை லாபமா என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு முட்டைக்கு இருந்த உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் போய்விட்டதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மண்டோர் ஓய்வில், பட்டு பாதி ஆண்டு அடையில், டத்தோ ஆண். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். தகடும் மோட்டாரும் நான்குக்குத் தகுதி. மூடியும் கடிகாரமும் இரண்டு. நேரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. முறை வேலை பார்க்கிறவர்கள், வயதானவர்கள், படியில் இறங்க முடியாதவர்கள் வாங்கலாம். சிவப்புச் சாயம் ஒரு சிறு டப்பாவும் கூடவே வாங்குங்கள்.

இரவு வேலை வாரங்களில், எட்டு மணி சுமாருக்கு அத்தையிடமிருந்து கைப்பேசியில் குரல் செய்தி வரும். ஒன்பது மணி ஓய்வில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்பேன். கூட்டுக்குள் ஏறிய வரிசையில் பெயர்களைச் சொல்வார், கடைசியில் “சிவப்பு தெரிகிறது” என்று முடிப்பார். நேற்றைய செய்தியில் டத்தோவின் பெயர் இரண்டு முறை வந்தது. காலையில் வந்து கேட்டேன். “உள்ளே போனான். மறுபடி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?” என்றார்.